உங்க பழைய போன் யாருக்குப் போகும்?

ஹாஸ்டல் குரூப்பில் வாரத்துக்கு ஒருத்தனாவது கேட்டுடுவான்: "மச்சி, 25 ஆயிரத்துக்குள்ள நல்ல போன் ஒண்ணு சொல்லு." பத்து நிமிஷத்தில் முப்பது பதில் விழும். ஒருத்தன் சிப்செட் பேர் சொல்வான். இன்னொருத்தன் எத்தனை வாட் சார்ஜிங்னு சண்டைக்கு நிப்பான். "கொஞ்சம் பொறு, அடுத்த மாசம் புதுசு வருது"ன்னு ஒருத்தன் சொல்வான். அவன் எல்லா குரூப்பிலும் இருக்கான், அவன் மட்டும் இன்னும் போனே வாங்கலை. இவ்வளவு பேச்சிலும் யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு: இந்தப் போன் வந்ததும் உன் பழசு யாருக்குப் போகும்?

உங்க வீட்டிலும் கதை இதேதான்னு நினைக்கிறேன். புதுசு நமக்கு. நம்ம பழசு அம்மாவுக்கு. அம்மாவோட பழசு, அதுக்கு உயிர் இருந்தா, பாட்டிக்கு. அப்படின்னா ஒரு போனுக்கு ரெண்டு ஆயுள் இருக்கு. யூட்யூப் ரிவ்யூ எல்லாம் முதல் ஆயுளோட முதல் பத்து நாளைத்தான் சொல்லும். ரெண்டாவது ஆயுளைப் பத்தி யாரும் வீடியோ போடறதில்லை, ஏன்னா அந்தப் போனை வச்சிருக்கிறவங்க வீடியோ பார்த்து போன் வாங்குறவங்க இல்லை.

2024 அக்டோபரில் என் கையில் 28 ஆயிரம் ரூபாய் இருந்தது. இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டில் மிச்சம் பிடிச்சது. தேடித் தேடி கடைசியில் ரெண்டு போனில் வந்து நின்னேன். ஒண்ணு நத்திங் போன் 2ஏ, இன்னொண்ணு சாம்சங் கேலக்ஸி ஏ35. ரெண்டும் அந்த வருஷம் மார்ச் மாசத்தில்தான் இந்தியாவுக்கு வந்தது. வந்தப்போ 8 ஜிபி ரேம், 128 ஜிபி மாடலுக்கு நத்திங் 23,999, சாம்சங் 30,999. ஏழாயிரம் வித்தியாசம் சின்னது இல்லை. பண்டிகை ஆஃபர், கார்டு தள்ளுபடி எல்லாம் சேர்ந்ததில் சாம்சங்கும் என் பட்ஜெட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அப்பதான் குழப்பமே ஆரம்பம்.

முதல் ஒரு வாரம் நான் எனக்காகத்தான் ஒப்பிட்டேன். அந்தக் கணக்கில் நத்திங் சுலபமா ஜெயிச்சது. அதில் இருக்கிறது டைமென்சிட்டி 7200 ப்ரோ, 4 நானோமீட்டர் சிப். சாம்சங்கில் எக்ஸினோஸ் 1380, 5 நானோமீட்டர். ரெண்டிலும் எட்டு கோர்தான், ஆனா நத்திங்கில் இருக்கிற ரெண்டு பெரிய கோரும் 2.8 கிகாஹெர்ட்ஸில் ஓடும் புதுத் தலைமுறை ஏ715. சாம்சங்கில் நாலு ஏ78, 2.4 கிகாஹெர்ட்ஸ். கேம் ஆடும்போது சூடும் ஃபிரேம் டிராப்பும் எங்கே குறைவா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சார்ஜிங் 45 வாட், சாம்சங் 25 வாட். எடை 190 கிராம், சாம்சங் 209. பின்னாடி அந்த கிளிஃப் லைட் வேற. கடையில் டெமோ போனைக் கையில் எடுத்தப்போ, உண்மையைச் சொல்றேன், வச்சுட்டு வர மனசே இல்லை.

சார்ஜிங் பத்தி ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன், நம்ம பசங்க இதை ரொம்பப் பெரிசா எடுத்துக்கிறதால. 45 வாட்னா 25 வாட்டைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனால் பாதி நேரத்தில் ஏறிடும்னு கணக்குப் போடக் கூடாது. லித்தியம் பேட்டரிக்கு முதலில் கரன்ட்டை நிலையா வச்சு ஏத்துவாங்க. வோல்டேஜ் ஒரு எல்லைக்கு வந்ததும் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டு கரன்ட்டைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. கடைசி 20 சதவீதம் எந்த போனா இருந்தாலும் நத்தைதான். ரெண்டிலும் 5000 எம்ஏஎச் பேட்டரி. ராத்திரி சொருகிட்டுத் தூங்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் இருக்கிறதே தெரியாது. இன்னொண்ணு, ரெண்டு டப்பாவிலும் சார்ஜர் வராது, அதுக்குத் தனியா காசு ஒதுக்குங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி வார இறுதிக்கு ஊருக்குப் போனேன். எங்க ஊர் திண்டுக்கல். அம்மா பூக்கடை வச்சிருக்காங்க. கடைன்னா ஷட்டர் எல்லாம் இல்லை. ஒரு மேசை, ஒரு குடை, ஈரச் சாக்கு, நூல்கண்டு, பக்கத்தில் ஒட்டி வச்ச க்யூஆர் அட்டை. சனிக்கிழமை காலை சும்மா கூட உட்கார்ந்திருந்தேன். 6 மணியிலிருந்து 11 மணிவரை அம்மா போனைக் கையில் எடுத்தது 43 தடவை. எண்ணினேன், இன்ஜினியரிங் படிச்சு வந்த ஒரே பழக்கம் இதுதான். காசு வந்துச்சான்னு மெசேஜ் பார்க்க, கல்யாண மாலை ஆர்டர் போட்டோ பார்க்க, மார்க்கெட் வியாபாரிக்கு மல்லிப்பூ பாக்கி அனுப்ப. நான் ஒரு நாள் முழுக்க ரீல்ஸ் பார்க்க எடுக்கிறதை இதில் சேர்க்கவே முடியாது. அம்மா எடுக்கிற ஒவ்வொரு தடவையும் பணம் சம்பந்தப்பட்டது.

அவங்க கையில் இருந்தது என்னோட பழைய போன், 2019-ல் வாங்கினது. எந்தக் கம்பெனின்னு விடுங்க. செக்யூரிட்டி அப்டேட் வர்றது நின்னு வருஷக்கணக்கு ஆச்சு. திரையோட இடது ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டா வேலை செய்யாது. அதனால் யுபிஐ பின் போடும்போது 1, 4, 7 மூணும் அழுத்த முடியாது. அழிக்கிற பட்டனும் அந்தப் பக்கம்தான். அம்மா என்ன பண்ணியிருக்காங்கன்னா, என்னைக் கூப்பிட்டு அந்த மூணு நம்பரும் இல்லாத பின்னா மாத்தச் சொல்லி, ஒரு வருஷமா அதிலேயே ஓட்டியிருக்காங்க. நான்தான் மாத்திக் கொடுத்தேன். ஏன்னு கேட்டதுக்கு "அந்த நம்பர் எனக்கு ராசியில்லடா"ன்னு சொன்னாங்க. (கணக்குப் போடாதீங்க, பின் இப்ப மாத்தியாச்சு.)

அன்னிக்கு மத்தியானம் அதே ரெண்டு போனையும் திரும்ப ஒப்பிட்டேன். இந்தத் தடவை பூக்கடை மேசைக்காக.

முதலில் தண்ணி. பூ வாடாம இருக்க அரை மணிக்கு ஒரு தரம் தண்ணி தெளிப்பாங்க. போன் அந்த ஈரச் சாக்கு மேலேயேதான் கிடக்கும். சாம்சங் ஐபி67. முதல் எண் 6, தூசி உள்ளே போகவே போகாது. ரெண்டாவது எண் 7, ஒரு மீட்டர் ஆழத்தில் நல்ல தண்ணியில் 30 நிமிஷம் தாங்கும். நத்திங் ஐபி54. தூசி ஓரளவு தடுக்கும், தெறிக்கிற தண்ணி தாங்கும், முங்கினா பொறுப்பில்லை. எனக்கு இது ஸ்பெக் ஷீட்டில் கடைசி வரி. அம்மாவுக்கு முதல் வரி. ஆனா ஐபி67 இருந்தா ஈரக்கையில் திரை நல்லா வேலை செய்யும்னு நினைச்சுடாதீங்க. நம்ம விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்தேக்கம் மாறுவதைத்தான் திரை உணருது. தண்ணித் துளியும் அதையே பண்ணும், திரை குழம்பும். அதுக்கு ரெண்டு போனிலும் ஒரே மருந்துதான், முந்தானை.

அடுத்தது கண்ணாடி. சாம்சங்கில் கொரில்லா கிளாஸ் விக்டஸ் பிளஸ், நத்திங்கில் கொரில்லா கிளாஸ் 5. மேசையிலிருந்து சிமென்ட் தரைக்கு வாரம் ஒரு தடவை விழற போனுக்கு இது சும்மா பேர் இல்லை. வெளிச்சத்தில் நத்திங்தான் மேல். உச்சத்தில் 1300 நிட்ஸ், சாம்சங் 1000. உச்சி வெயிலில் இது தெரியும். குடை இருக்கிறதால் நான் இதை விட்டுக்கொடுத்தேன். கேமரா ரெண்டிலும் 50 மெகாபிக்சல், நடுக்கத்தைச் சமாளிக்கிற ஓஐஎஸ் உண்டு. நாலு பிக்சலை ஒண்ணாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் ரெண்டுமே கொடுக்கும், மாலை போட்டோவுக்குத் தாராளம். சாம்சங்கில் மெமரி கார்டு போடலாம், நத்திங்கில் முடியாது. சொந்தக்காரங்க குரூப்பில் தினமும் வர்ற குட் மார்னிங் படத்தோட கனம் தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

என்னை முடிவெடுக்க வச்சது வேற. சாம்சங் இந்தப் போனுக்கு நாலு ஆண்ட்ராய்டு அப்டேட், ஐந்து வருஷ செக்யூரிட்டி அப்டேட் சொல்லியிருக்கு. நத்திங் மூணு, நாலு. நான் மூணு வருஷம் வச்சிருந்து 2027-ல் அம்மாவுக்குக் கொடுத்தா, நத்திங்கில் அவங்களுக்கு மிச்சம் இருக்கிறது அரை வருஷத்துக்குக் கொஞ்சம் கீழே. சாம்சங்னாலும் ஒன்றரை வருஷத்துக்குள்தான். நாம எந்தப் போன் வாங்கினாலும் அம்மா கைக்குப் போறது காலாவதி ஆகப்போற சரக்குதான். அதில்தான் அவங்க வங்கிக் கணக்கு இருக்கு. எனக்கு ஒரு ஆப் ஓடலைன்னா லேப்டாப்பைத் திறப்பேன். அவங்களுக்கு ஓடலைன்னா அன்னைக்கு மல்லி வராது.

அதனால் வரிசையை மாத்திட்டேன். புதுசு நேரா அம்மாவுக்கு.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூணு மொபைல் கடையில் ஏறி இறங்கினேன். "டெம்பர் கிளாஸ், பேக் கவர் இருக்காண்ணே?" ஏ35-க்கு மூணு கடையிலும் எடுத்து மேசையில் போட்டாங்க. 2ஏ-க்கு ரெண்டு கடையில் "ஆர்டர் போட்டா வரும் தம்பி." நான் நாலு மணி நேரத் தொலைவில் ஹாஸ்டலில் இருக்கும்போது திரை உடைஞ்சா அம்மாவே நடந்து போய் சரி பண்ணிக்கணும். இதை எந்த ரிவ்யூவும் சொல்லாது, உங்க ஊரில் நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க.

வீட்டில் சொன்னதும் எதிர்பார்த்த மாதிரியே, "எனக்கெதுக்குடா அவ்வளவு காசு போட்டு? இன்டர்வியூக்குப் போற புள்ள நீ. நீ வச்சுக்க, உன்னுதைக் குடு." இன்டர்வியூவில் யாரும் போனைக் காட்டச் சொல்றதில்லைம்மான்னேன். நம்பலை. கடைசியில் "நீ வாங்கலைன்னா 43 தடவையும் நானே வந்து பின் போடறேன்"னு சொன்னதும் சிரிச்சுட்டாங்க. நத்திங் போட்டோவையும் காட்டினேன், ரெண்டு பக்க நியாயமும் வேணுமே. லைட் எரியறதைப் பார்த்துட்டு, "கோயில் சீரியல் செட்டு மாதிரி இருக்கு, கடையில வச்சா எல்லாரும் எடுத்துப் பாப்பாங்க, வேணாம்."

ஏ35 வந்தது. ஈஸி மோட் போட்டுக் கொடுத்தேன், எழுத்தும் ஐகானும் பெருசா தெரியுது. அந்த 2019 போனைப் பேட்டரி வீங்கறதுக்கு முன்னாடி இ-வேஸ்ட் பெட்டியில் போட்டாச்சு. என் போனுக்கு 1,400 ரூபாயில் பேட்டரி மாத்தினேன், இதை அதில்தான் டைப் பண்றேன். கேமில் ஃபிரேம் விழுது, ரூம்மேட் கேலி பண்றான், பண்ணட்டும். நத்திங் 2ஏ இன்னும் மனசில் இருக்கு. நீங்க உங்களுக்காக மட்டும் வாங்கறீங்கன்னா, வீட்டில் கை மாற வேண்டிய கட்டாயம் இல்லைன்னா, அதையே வாங்குங்கன்னுதான் சொல்வேன்.

அம்மா முதல் நாளே தனியா போய் பின்னை மாத்திட்டாங்க. புதுசில் 1, 4, 7 இருக்கான்னு கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு?"ன்னுட்டாங்க.