எழுபது குச்சி மழை

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பல்லுயிர்த் தொகுதிகள் வரும். மழைக்காடு, சவானா, பாலைவனம், புல்வெளி, தூந்திரம் என்று ஒவ்வொன்றாக. கரிசக்காட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கிவிடுவார்கள். "இதில் நம்ம ஊர் எது?" என்று கேட்டால்தான் வகுப்பு கப்சிப். கடைசியில் யாராவது, "பாலைவனம், சார்" என்பார்கள். சித்திரை வெயிலில் நடந்து பழகிய பிள்ளை வேறென்ன சொல்லும்?

அதனால் இந்தப் பாடத்தை நான் படத்தில் ஆரம்பிப்பதில்லை. தீக்குச்சியில் ஆரம்பிக்கிறேன். கோவில்பட்டியில் அதற்கா பஞ்சம்? மருந்து முக்காத வெறுங்குச்சி, ஒன்றுக்கு 10 மி.மீ. மழை என்று கணக்கு. தரையில் சாக்பீஸால் பன்னிரண்டு கட்டம். கோவில்பட்டியின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ.; ஆக எழுபது குச்சி. அக்டோபர், நவம்பர் கட்டங்களில் குச்சி குவியும். ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு மூன்று தேறினால் பெரிது.

அதற்குப் பக்கத்திலேயே மாஸ்கோவுக்கு ஒரு வரிசை. அங்கேயும் கிட்டத்தட்ட எழுபது குச்சிதான்! பிள்ளைகள் நிமிர்வது இந்த இடத்தில். அதே அளவு மழையில் அங்கே பெருமரக் காடு, இங்கே உடையும் வேலிக்கருவையும். ஏன்? விடையைச் சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும், சொல்லக் கூடாது. இங்கே கொடியில் போட்ட துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதை ஒரு பிள்ளை தானாகவே எடுத்துவிடும். பெய்வது எவ்வளவு என்பதோடு, வெயில் திருப்பி எடுத்துக்கொள்வது எவ்வளவு என்ற கேள்வியும் அப்போது வந்துவிடுகிறது.

ஹைன்ரிக் வால்டர் என்ற ஜெர்மன் தாவரவியலர் தன் வரைபடங்களில் கையாண்ட கணக்கை அதற்குப் பிறகுதான் சொல்வேன். ஒரு மாதத்தின் சராசரி வெப்பம் எத்தனை டிகிரி செல்சியஸோ, அதில் இரண்டு மடங்கு மில்லிமீட்டராவது மழை வேண்டும். குறைந்தால் அது வறண்ட மாதம். நம் 30 டிகிரி மாதத்துக்கு ஆறு குச்சி தேவை. அதை எளிதாகத் தாண்டுவது அக்டோபரும் நவம்பரும்தான். மாஸ்கோவில் ஜூலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான். நான்கு குச்சி போதும். கெய்ரோவுக்கு வருஷம் முழுவதற்குமே இரண்டு மூன்று குச்சி. பாலைவனம் எது என்று அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிரபுஞ்சிக்கு ஜூன் மாதம் மட்டும் இருநூறுக்கு மேல் என்றதும், "குச்சி பத்தாது சார்" என்று சத்தம் வரும்.

அடுத்தது மண். இரண்டு சிரட்டைகளில் கரிசலையும் செம்மண்ணையும் குழைத்து வெயிலில் வைக்கச் சொல்வேன். காய்ந்ததும் கரிசல் சிரட்டையின் விளிம்பை விட்டு விலகி, நடுவில் வாய் பிளந்து நிற்கும். செம்மண்ணில் அவ்வளவு பிளவு இருக்காது. உக்ரைன் புல்வெளி மண்ணும் கறுப்புதான். ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல்வேர் மக்கி மக்கி வந்த கறுப்பு. நம் கரிசலில் மக்கு குறைவு. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண் இது. சூடானின் கெசிரா சமவெளியில் இதே ஜாதி மண்ணில்தான் பருத்தி விளைகிறது. நிறத்தை வைத்து உறவு கொண்டாட முடியாது என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே பிடிபடுகிறது.

சரி, நம் ஊர் எது? முட்புதர்க் காடும் சவானாவும் கலந்த வறண்ட நிலம் என்பதே என் பதில். சாட்சிக்கு வல்லநாடு இருக்கிறது. 1987இல் வெளிமான்களுக்காக அறிவித்த சரணாலயம், 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். குடைபோல் விரிந்த உடைமரத்தையும் ஆப்பிரிக்க சவானாவின் வேலமரப் படத்தையும் அருகருகே வைத்தால் இரண்டிலும் பொடி இலை, முள், தட்டைத் தலை. இப்படிப்பட்ட புதர்நிலத்தை மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு தரிசுக் கணக்கில் சேர்க்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மான் மேயும் இடத்தைத் தரிசு என்று படிக்கும் பிள்ளை, நாளைக்கு அங்கே குப்பை கொட்டினாலும் கேட்கமாட்டான்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சார்ட் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் நிறுத்தி, பெய்த மழையை ஸ்கேலால் அளந்து, தினமும் பிள்ளைகளையே எழுத வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்த வாரமே ஆரம்பித்தால், ஐப்பசி அடைமழைக்குள் கை பழகிவிடும்.