கார்த்திகையில் வெட்டு, சித்திரையில் பூ

மல்லிகை கோடைப் பூ. மாசி முடிந்து பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கும்போது அரும்பு கட்டும். சித்திரை, வைகாசியில் செடி கொள்ளாமல் பூக்கும். ஆவணி, புரட்டாசி வரை விட்டுவிட்டுத் தந்துகொண்டிருக்கும். ஆனால் அந்தப் பூவுக்கான முக்கியமான வேலை கார்த்திகையிலேயே முடிந்திருக்க வேண்டும். மதுரையில் வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் பல வருடமாகக் குண்டுமல்லி வளர்க்கிறேன். "செடி தளதளன்னு இருக்கு, பூ மட்டும் வரமாட்டேங்குது. என்ன உரம் போடலாம்?" என்று யாராவது கேட்டால் உரத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. இரண்டே கேள்விதான் கேட்பேன். செடி மேல் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது? கடைசியாக எப்போது வெட்டினீர்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. ஆசையாக வளர்த்த செடியில் கத்தரி வைக்க யாருக்கும் மனசு வருவதில்லை. ஆனால் மல்லிகை பூப்பது புதுத் தளிரின் நுனியில்தான். பழைய கொம்பு தானாகப் பூக்காது. அது தளிர் விட்டால், அந்தத் தளிர்தான் பூக்கும். வெட்டாமல் விட்ட செடி ஆளுயரத்துக்குக் கொடியாக ஓடி, அடியில் கட்டை தட்டி, உச்சியில் நாலு பூவைக் காட்டும். வெட்டிய செடியோ இடுப்புயரத்தில் புதர் கட்டி, ஒவ்வொரு நுனியிலும் அரும்பெடுக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தையும், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரத்தையும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரத்தையும் கவாத்துக்குச் சொல்கிறது. குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். நம் பக்கம் அது வடகிழக்குப் பருவமழை பெய்கிற சமயம். அதனால் மழை விட்டு நாலு நாள் காய்ந்த பிறகுதான் கத்தரியை எடுப்பேன். வெட்டுவாயில் ஈரம் நின்றால் கொம்பு மேலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். காய்ந்த குச்சி, உள்பக்கமாக வளைந்து உரசுகிற கிளை, பென்சிலை விட மெலிந்த நோஞ்சான் கிளை எல்லாம் முதலில் போகும். மிச்சமிருப்பதைக் கணுவுக்குச் சற்று மேலே சரிவாக வெட்டுவேன். மல்லிகைக்குக் கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிராக. ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. நுனி போனதும் இரண்டும் விழித்துக்கொள்ளும்; ஒரு கொம்பு இருந்த இடத்தில் இரண்டு வரும். பூ பெருகுவதன் கணக்கு முழுவதும் இதில் இருக்கிறது. மிஞ்சிய இலைகளையும் உருவிவிட்டு, வேரைச் சுற்றிக் கொத்தி, மக்கிய தொழுஉரமும் கையளவு வேப்பம் புண்ணாக்கும் போட்டு மண் அணைத்துவிட்டால் அந்த வருடத்தின் பெரிய வேலை முடிந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் முற்றத்தில் நிற்கிற குச்சிகளைப் பார்த்து, செடி பட்டுப்போய்விட்டதா என்று துக்கம் விசாரிப்பார்கள்.

தை பிறந்து வெயில் ஏற ஏறத் தளிர் கிளம்பும். மாசிக் கடைசியில் ஒரு தளிரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இளம்பச்சைத் தண்டில் மெல்லிய பூனைமயிர். நுனியில் மூன்று அரும்பு. நடுவில் இருப்பது மூத்தது. அது பருத்து வெளுக்கும்போது பக்கத்து இரண்டும் மிளகளவில் பச்சையாகவே இருக்கும். அரும்பின் அடியைச் சுற்றி நூல் நூலாகப் பச்சை இழைகள். அவசரத்தில் கொத்தோடு கிள்ளினால் அடுத்த சில நாட்களுக்கான இரண்டு பூவும் கையோடு வந்துவிடும். நடு அரும்பை மட்டும் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். அது வெளுத்து, தடித்து, ஆனால் வாய் திறக்காமல் இருக்கும் நாள்தான் பறிக்கிற நாள். அன்று இரவே அது விரியும். விரிந்த பிறகுதான் மணம். சந்தைக்குப் பறிக்கிறவர்கள் விடியுமுன்பே தோட்டத்தில் இறங்குவது இதனால்தான். வீட்டுக்கென்றால் மாலை நாலு, ஐந்து மணிக்குப் பறித்துக் கட்டினாலும் போதும், சரத்திலேயே விரியும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். நிழலில் மல்லிகை சாகாது, அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இலை அகலமாகும், கணுக்களுக்கு இடையே தண்டு நீளும், பச்சை கூடும். பூ மட்டும் இராது. வெயிலுக்கும் இந்தப் பூவுக்கும் உள்ள உறவை மாட்டுத்தாவணிப் பூச்சந்தை விலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மார்கழி, தையில் பனியும் குளிரும் சேர்ந்து வரத்து சுருங்க, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். கோடை வந்ததும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி விலை சரியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதே விதிதான்.

தலைக்கு வெயில் கேட்கிற செடி காலுக்குக் குளிர்ச்சி கேட்கும். மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தால் சித்திரை மதியத்தில் வேர் வெந்துபோகும். மண்தொட்டி நல்லது. தொட்டியை நேரே தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் வைத்து, மண்ணின் மேல் கரும்புச் சோகையோ காய்ந்த வேப்பிலையோ கனமாகப் பரப்பி வைக்கிறேன். தரையில் உள்ள செடிக்குத் தினமும் தெளிப்பதை விட, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை வேர் நனைய ஊற்றுவது மேல். பக்கத்திலேயே நிற்கும் காகிதப்பூவுக்கு இந்தக் கவனிப்பு ஆகாது. பிரேசில் பக்கத்திலிருந்து வந்த அது, தாகத்தில் வாடினால்தான் பூவாகக் கொட்டும். தண்ணீர் கூடினால் வெறும் முள்ளும் இலையும். வெயிலை விரும்பும் செடிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குழாயைத் திறந்துவிடக்கூடாது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் கோடையில் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இலை பச்சை கட்டும் வரை தெளித்தால் சரியாகிவிடும். அரும்பு ஊதா பாய்ந்து, அதில் பொட்டுத் துளை தெரிந்தால் உள்ளே மொட்டுப்புழு. வீட்டுச் செடிக்கு மருந்து வேண்டாம். கெட்ட அரும்பை எல்லாம் பொறுக்கித் தூரப் போட்டாலே பெருமளவு அடங்கும். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையோடு செம்பேன் வந்தால், விடிகாலையில் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் ஒவ்வொரு நுனியையும் இரண்டு கணு கிள்ளிவிட வேண்டும். ஒன்று, ஒன்றரை மாதத்தில் அடுத்த சுற்று வந்துவிடும்.

குண்டுமல்லி விதை பிடிப்பது அபூர்வம். பதியன் போட்டோ குச்சி ஊன்றியோதான் பெருக்க வேண்டும். ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் மணலில் வேர் பிடித்த நாற்றுகள்தான் பல ஊர்த் தோட்டங்களுக்குப் போகின்றன. எந்த மல்லிகைச் செடியும் இன்னொரு செடியின் துண்டு. அந்தச் செடி வேறொன்றின் துண்டு. கார்த்திகையில் வெட்டிய முற்றாத கொம்பை நான் குப்பையில் போடுவதில்லை. சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈர மணலில் ஊன்றி, நிழலில் வைத்து, வேர் பிடித்ததைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

உங்கள் செடி இந்தக் கோடையில் பூக்கவில்லையென்றால் உரக்கடைக்குப் போகாதீர்கள். ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை அதன் மேல் விழும் வெயிலைக் கவனியுங்கள். போதவில்லையென்றால் இடம் மாற்றுங்கள். போதுமென்றால் நாட்காட்டியில் நவம்பர் கடைசி வாரத்தைக் குறித்து வைத்துவிட்டு, கத்தரியைத் தீட்டி வையுங்கள்.