காலைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டுமே இறுதியாட்டத்தில் ஈரானை வென்று தங்கம் வாங்கின. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ். முதலமைச்சர் ஆளுக்கு 25 லட்ச ரூபாய் கொடுத்துப் பாராட்டினார். அதே சமயம் கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய ‘பைசன்’ படமும் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கபடிக்கு இப்படியொரு மாதம் அடிக்கடி அமைவதில்லை. கேமராக்கள் கண்ணகி நகருக்கும் வடுவூருக்கும் போயின. டெல்டாவின் மேற்குக் கோடியில், காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கபடிக்காரர்களுக்கு இதில் லேசான மனத்தாங்கல்.

மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது. இந்தியா பார்த்த நல்ல தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான தர்மராஜ் சேரலாதன் இந்தப் பக்கத்துக்காரர். கல்லணை போகும் வழியில் கோவிலடிக்கு அருகிலுள்ள திருச்சன்னம்பூண்டிதான் அவருடைய ஊர். பிறந்தது 1975இல். 2016இல் புரோ கபடியின் நான்காம் பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் ஜெய்ப்பூரை வென்று கோப்பை வாங்கியபோது அணித்தலைவர் அவர்தான், வயது 41. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸை நடத்தியபோது வயது 44. கூட ஆடிய பையன்களில் பலர் அவர் ஆட வந்த பிறகு பிறந்தவர்கள். எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. வடக்கத்திப் பையன்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

கபடியில் ஒருவர் 44 வயதிலும் எப்படித் தாக்குப்பிடிக்க முடியும்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் என்று நண்பர் ஒருவர் கைகாட்டிய மனிதர், திருக்காட்டுப்பள்ளிக்கு வெளியே வாழைத்தோட்டங்களுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே பையன்களுக்குக் கபடி சொல்லித்தருகிறார். ஊரில் அவர் பெயர் மாஸ்டர். “பேரெல்லாம் எழுதாதீங்க. அப்புறம் மத்த ஊர் மாஸ்டருங்க கோச்சுக்குவாங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒருகாலத்தில் மின்னொளிப் போட்டிகளில் பேர்போன லெஃப்ட் கார்னர். அந்தப் பெயரில்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைத்தது. ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு பையன் கை கொடுக்கவேண்டும்.

பொங்கல் கழிந்து, சம்பா அறுவடையும் முடிந்த நேரம். இந்தப் பக்கத்தில் கபடிக்குச் சூடு பிடிப்பது அப்போதுதான். தாள் காய்ந்த வயலைக் கொத்தி, கல் பொறுக்கி, ஆற்று மணல் கலந்து, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டால் களம் தயார். மாலை நான்கரைக்குப் பையன்கள் வந்ததும் முதல் வேலை நகம் பார்ப்பது. வரிசையாகக் கையை நீட்டவேண்டும். வளர்ந்திருந்தால் அங்கேயே நகவெட்டி. மோதிரம், கடுக்கன், கையில் கட்டிய கயிறு, எல்லாம் கழன்று ஒரு டிபன் பாக்ஸுக்குள் போகும். உடம்பில் எண்ணெய் பூசி வந்தவனுக்கு அன்றைக்கு வேடிக்கை மட்டும்தான்.

அதன்பிறகு ஓட்டம், தண்டால், பஸ்கி. எந்த ஊர் மைதானத்திலும் நடப்பதுதான், விட்டுவிடலாம்.

இந்தக் களத்தை வேறுபடுத்துவது அதற்கடுத்து நடப்பது. கபடி என்றாலே பார்ப்பவர் கண் பாடிப் போகிறவன் மேல்தான் இருக்கும். தொடையைத் தட்டுவதும், கையை வீசுவதும், நான்கு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுவதும் அவன்தானே. புதிதாக வரும் ஒவ்வொரு பையனும் ரெய்டராகத்தான் வருகிறான். மாஸ்டர் அவனை ரெய்டு விடுவதே இல்லை. முதலில் விழக் கற்றுக்கொள்ள வேண்டும்: தோள் உருட்டி, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல். கையை ஊன்றி விழுகிறவன் மணிக்கட்டை உடைத்துக்கொள்வான். விழத் தெரிந்த பிறகு பிடி.

பிடிகளில் மாஸ்டருக்கு ஒன்றின்மேல் தனிப் பிரியம்: கணுக்கால் பிடி. அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கம் சாய்வதைத் தவிர்க்க முடியவில்லை.

ஏழு பேர் வளைந்து நிற்கும் அணியில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் கார்னர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. எதிரே ஆறோ ஏழோ பேர் நிற்கும்போது ரெய்டர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி மறுகாலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டியதில்லை. சுலபமான புள்ளி என்று டிவியில் சொல்வார்கள். மாஸ்டர் கணக்கு வேறு. அந்த நொடியில் ரெய்டர் ஒற்றைக்காலில் நிற்கிறான். முழு எடையும் ஏறிய அந்தக் கால் கார்னர்காரனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அரை நொடி முன்னே பாய்ந்தால் கால் இன்னும் ஊன்றியிருக்காது. பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பாய்ந்தவனையே தொட்டுவிட்டுப் போவான். அரை நொடி பிந்தினால் மறுகால் தரைக்கு வந்துவிடும், உதறிவிட்டு ஓடுவான்.

“அவன் கண்ணப் பாக்காத, கையப் பாக்காத. அதெல்லாம் பொய் சொல்லும். இடுப்பப் பாருடா. இடுப்பு எறங்குனா கால் ஊனப் போறான்.”

பாய்வதிலும் பாடம் உண்டு. இரண்டு கையும் குதிகாலுக்கு மேலே கோத்துக்கொள்ள வேண்டும். தலை ரெய்டரின் காலுக்கு வெளிப்பக்கம் இருக்கவேண்டும். உள்பக்கம் போனால் அவன் முழங்கால் மூக்கை உடைத்துவிடும். பிடித்ததும் இழுக்கக் கூடாது. நெஞ்சோடு அணைத்து மேலே தூக்கவேண்டும். தூக்கினால்தான் எதிராளிக்குத் தரை இல்லாமல் போகும். இதற்கெல்லாம் பிறகும் கார்னர் தனியாக அவனை அடக்குவதில்லை, நிறுத்தித்தான் வைக்கிறான். பக்கத்தில் நிற்கும் இன், கவர் ஆட்டக்காரர்கள் இருவரும் வந்து இடுப்பிலும் தொடையிலும் விழுந்தால்தான் பிடி முடியும். அவர்கள் தாமதித்தால் கார்னர் தரையில் இழுபட்டுக்கொண்டே நடுக்கோடுவரை போவான். புள்ளியும் போகும், முழங்கைத் தோலும் போகும்.

பயிற்சியில் மாஸ்டர் செய்யும் வேலை விசித்திரமானது. பெரிய பையன்கள் மெதுவாக ரெய்டு வருகிறார்கள். சின்னவர்கள் கார்னரில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிடிக்கக் கூடாது. பிடிக்கவேண்டிய நேரம் என்று தோன்றும்போது ‘இப்போ’ என்று கத்தினால் போதும். ஒருவன் சரியாகக் கத்தத் தொடங்கிய பிறகுதான் அவன் கை அவிழும். சிலருக்கு வாரங்களில் அவிழ்கிறது. ஒரு பையனுக்கு ஐப்பசியில் தொடங்கி மார்கழியில்தான் அவிழ்ந்ததாம். இப்போது அவன்தான் முதல் அணியின் ரைட் கார்னர்.

மற்போரைப் போலவே கபடியிலும் பிடிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கை, கால், உடம்பு தவிர வேறெதையும் பிடிக்கக்கூடாது. தலைமுடி, உடை, கழுத்து எதற்கும் இடமில்லை. காலைக் கத்திரிபோலப் போட்டுப் பூட்டுவதும் தவறு. அதனால் பலசாலி ஜெயிப்பான் என்ற உறுதி இல்லை. எந்த இடத்தை எப்போது பிடிப்பது என்று தெரிந்தவனுக்கு வாய்ப்பு கூடுகிறது. மற்போரிலும் அப்படித்தான். இந்த ஆற்றின் மேற்கே உறையூரில் இருந்த சோழர் குடியில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்றொரு இளவரசன் இருந்தான். ஆமூரில் ஒரு மல்லனோடு அவன் பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 80ஆம் பாட்டு. ஒரு கால் மல்லனின் மார்பில் எப்படி, மறுகால் முதுகுப்பக்கம் எப்படி என்று ஒரு பயிற்சியாளரின் கண்ணோடு எழுதியிருக்கிறார். சண்டையின் ஆரவாரத்தைவிடக் கால் இருக்கும் இடத்தைக் கவனித்த புலவர். மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அவரும் கார்னருதான்” என்றார்.

மற்போருக்கும் கபடிக்கும் உள்ள உறவை இந்தியாவைவிட ஈரான் நன்றாகப் புரிந்துகொண்டது. மல்யுத்தம் அங்கே தேசிய விளையாட்டுக்குச் சமம். 1990இல் பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டுக்குள் வந்ததிலிருந்து தங்கத்தை விட்டுக்கொடுக்காத இந்திய ஆண்கள் அணியை 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே அவர்கள் வெளியேற்றினார்கள். பெண்கள் இறுதியிலும் ஈரானே வென்றது. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் சைலஜா ஜெயின் என்ற இந்தியர் என்பது தனிக் கதை. ஈரானின் ஃபசல் அத்ராச்சலி லெஃப்ட் கார்னர். அவர் காலைப் பிடித்தால் அந்த ரெய்டு அதோடு முடிந்தது என்று வர்ணனையாளர்கள் சொல்வது மிகை இல்லை.

ஆனாலும் சந்தை பெரும்பாலும் ரெய்டரைத்தான் தேடுகிறது. 2022 புரோ கபடி ஏலத்தில் ரெய்டர் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடிக்கு எடுத்தது. அதே ஏலத்தில் அத்ராச்சலிக்கு 1.38 கோடி. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பவன் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார்; ரெய்டு போனபோது அல்ல, எதிரணி ஆட்டக்காரரைப் பிடிக்கப் போனபோது. இந்த ஆற்றங்கரைப் பையன்கள் அதை இன்னும் பேசுகிறார்கள்.

சேரலாதன் 44 வயதிலும் ஆடியதற்கு மாஸ்டர் சொல்லும் காரணம் இங்கேதான் வருகிறது. ரெய்டருக்கு வேகம் வேண்டும். அது முப்பதைத் தாண்டினால் இறங்கிவிடும். பிடிக்கிறவனுக்குக் காத்திருக்கத் தெரிந்தால் போதும். அது வயதோடு கூடும். இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது ரெய்டர் புள்ளி எடுத்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்ற விதி வந்த பிறகு காத்திருப்பதற்கு மதிப்பு இன்னும் ஏறிவிட்டது.

மாஸ்டர் பயிற்சியை நடத்தும் விதமும் அதே பொறுமையோடுதான் இருக்கிறது. சேர்க்கைக்குத் தேர்வு கிடையாது, கட்டணமும் கிடையாது. வெளியூரில் போலீஸ், ரயில்வே என்று வேலைக்குப் போன பழைய பையன்கள் அனுப்பும் பணத்தில் முட்டையும் சுண்டலும் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவனுக்குக் களமும் இல்லை. வகுப்பாசிரியரிடம் மாஸ்டரே போனில் கேட்டுவிடுகிறார். அடிபட்டவன் தானாக வந்து ‘சரியாப் போச்சு மாஸ்டர்’ என்றால் நம்புவதில்லை. ஒற்றைக்காலில் குதிக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். தன் முழங்கால்கள் ஏன் போயின என்று அவர் விளக்கவில்லை. அந்தக் காலத்தில் நொண்டிக்கொண்டே இரண்டு நாள் போட்டி ஆடுவதுதான் வீரம் என்று மட்டும் சொன்னார்.

அவருக்குப் பெரிய தலைவலி, மேட் என்கிற விரிப்பு. மாவட்டத் தேர்வு முதல் எல்லாமே இப்போது மேட்டில்தான். மண்ணில் வெறுங்காலோடு விரலால் கவ்வி ஆடிய பையன், ஷூ போட்டு மேட்டில் ஏறியதும் தடுமாறுகிறான். மண்ணில் சறுக்கிப்போய்க் கணுக்காலைப் பிடித்தவன் மேட்டில் அதே பாய்ச்சல் பாய்ந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறான். உராய்வு வேறு, தூரம் வேறு. தேர்வுக்கு முன்னால் கொஞ்ச நாளாவது மேட் கிடைக்கும் இடம் தேடி அலையவேண்டும்.

அதைவிட மோசமானது சான்றிதழ் வியாபாரம். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு என்பது டெல்டாவின் ஏழை வீடுகளுக்குப் பரிசுப் பணத்தைவிடப் பெரியது. ஆனால் எந்தச் சான்றிதழும் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் போட்டியாக இருக்கவேண்டும். இந்த இடைவெளியில்தான் புதுப்புதுப் பெயரில் ‘ஃபெடரேஷன்’கள் முளைக்கின்றன. தேசியப் போட்டி என்பார்கள். நுழைவுக் கட்டணம், ஜெர்சி, பயணம் என்று ஒரு பையனிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு வடக்கே ஏதோ ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு பதக்கத்தை மாட்டி அனுப்புவார்கள். நகையை அடகு வைத்து அனுப்பிய அம்மாவுக்கு, வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்தக் காகிதம் எதற்கும் உதவாது என்று தெரியும். தலைமைச் சங்கத்தின் கதை மட்டும் என்ன வாழ்கிறது? இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பின் தேர்தலை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்துசெய்து நிர்வாகியை நியமித்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 பிப்ரவரியில். ஆறு ஆண்டுகளுக்கு மேல் மேலே நாற்காலிச் சண்டை நடந்தபோது கீழே களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்களை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. விளையாட்டுத் துறையின் இணையப் பக்கத்தில், எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்று தமிழில், பாமரத் தாய்க்கும் புரியும்படி ஒரு பக்கம் போட்டால் பாதித் தரகர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

ஐந்தே முக்காலுக்குப் பெண்கள் வருகிறார்கள். முதல் வருஷம் மூன்று பேர். கார்த்திகாவின் படம் பேப்பரில் வந்த பிறகு களம் கொள்ளவில்லை. ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 என்பதால் தினமும் கோட்டை அழித்துப் போடவேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே இரண்டாவது களம் போட்டுவிடலாம் என்று மாஸ்டர் நிலக்காரரிடம் கேட்டிருக்கிறார். ஆடி பிறந்தால் நாற்று விடவேண்டும், அதற்குள் காலி செய்வதானால் சரி என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.