உட்கார்ந்து முடித்தவர்கள்

தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி வந்தபோது 1968 ஆகிவிட்டது. வேலை தொடங்கிய 1947-ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 21 ஆண்டு உழைப்பு. நூலகத்தில் அந்தப் பத்துத் தொகுதிகளையும் வரிசையாகப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம்தான் வரும். இதைச் செய்தவர்களுக்கு நடுவில் எத்தனை முறை சலிப்புத் தட்டியிருக்கும்! ஆனாலும் எழுந்து போகவில்லையே!

அந்தக் கதையை இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழுக்காக மட்டும் சொல்லவில்லை, வாழ்க்கைக்காகவும்தான்.

சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி வேரூன்றத் தொடங்கிய காலம் அது. விஞ்ஞானம், மருத்துவம், பொருளாதாரம் எல்லாவற்றையும் தமிழில் சொல்ல முடியுமா என்ற சந்தேகம் படித்தவர்களிடமே இருந்தது. அந்தச் சந்தேகத்தோடு வாதாடிக்கொண்டிருக்காமல், கலைக்களஞ்சியத்தின் வழியாகச் சொல்லியே காட்டிவிடும் வேலையில் கழகம் இறங்கியது. சென்னைப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் அலுவலகம். தலைமைப் பதிப்பாசிரியராக வந்து சேர்ந்தவர் பெரியசாமித் தூரன்.

தூரன் ஈரோட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது, மனம் கொதித்துப் பட்டத் தேர்வையே எழுதாமல் விட்டவர். கவிஞர், மேடைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவர். அப்படிப்பட்ட உணர்ச்சிக்காரர் நாற்பது வயதில் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். கலைக்களஞ்சியம் முடியும்போது அவருக்கு அறுபது வயது. போதும் என்று ஓயவில்லை. குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு கலைக்களஞ்சியத்தைக் கையிலெடுத்தார். அதுவும் பத்துத் தொகுதிகள். 1968-இல் தொடங்கி 1976-இல் நிறைவடைந்தது. பட்டம் பெறாமல் வெளியே வந்த அந்த இளைஞரின் கோபம் எங்கே போயிற்று என்று கேட்டால், அந்த இருபது தொகுதிகளுக்குள் போயிற்று என்பேன்.

அச்சகத்தில் புரூஃப் பார்த்தே பிழைத்தவன் நான். அதனால் அந்த வேலையின் பாரம் எனக்கு ஓரளவு தெரியும். முதலில் எந்தெந்தத் தலைப்புகள் வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தகுந்த அறிஞரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் தம் துறையை ஆங்கிலத்தில் படித்தவராக இருப்பார். கட்டுரையைத் தமிழில் நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதல் தொகுதியில் ஒரு கலைச்சொல்லை ஆண்டால் ஒன்பதாம் தொகுதியிலும் அதுவே வர வேண்டும். அகர வரிசை என்பதால் இடையில் ஒரு கட்டுரை வராவிட்டால் அந்தப் பக்கமே நகராது. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்களிடம் எழுதி வாங்கினார்கள். அவர்களில் எத்தனை பேரை இன்று நாம் பெயர் சொல்லி நினைக்கிறோம்? ஆனால் அவர்கள் புழக்கத்தில் விட்ட சொற்களில் பலவற்றைப் பள்ளிப் புத்தகத்தில் நம் பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வங்காளிகளும் இந்த வழியில் நடந்தவர்களே. 1952 பிப்ரவரி 21-இல், தாய்மொழிக்கு உரிமை கேட்டு டாக்காவில் திரண்ட மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தத் துயரம் ஆண்டுதோறும் அழுது தீர்ப்பதோடு நின்றுவிடவில்லை. 1955 டிசம்பர் 3-இல் பாங்ளா அகாதெமி பிறந்தது. முதலமைச்சர் குடியிருந்த பர்த்வான் மாளிகையே அதற்கு வீடாயிற்று. முகம்மது ஷகீதுல்லா என்ற பேரறிஞரின் தலைமையில் அங்கே வட்டார வழக்குகளுக்கு அகராதி தொகுத்தார்கள். உழவரும் படகோட்டியும் பேசிய சொற்கள் ஏட்டில் ஏறின. இன்றும் வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் அந்த அகாதெமி நடத்தும் புத்தகக் கண்காட்சியில் ஊரே கூடுகிறது. உயிரைக் கொடுத்த பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன செய்ய முடியும்? உணர்ச்சி ஒரு நாளில் பொங்கும். அதைச் சொல்லாகவும் நூலாகவும் ஆக்கி வைக்கப் பல்லாண்டு பிடிக்கும்.

அந்தப் பொறுமைக்கு என் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. நான் இருப்பது வடபழனியில். சினிமாவில் எப்படியும் ஒரு நாள் பெயர் வரும் என்று ஊரை விட்டு வந்த பிள்ளைகளை ஆற்காடு சாலை டீக்கடைகளில் தினமும் பார்க்கிறேன். அவர்களுடைய கனவை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகும் முருகன் கோயிலின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்ணாசாமித் தம்பிரான் என்ற எளிய பக்தர், ஒரு கொட்டகையில் முருகன் படத்தை வைத்து வழிபடத் தொடங்கினார். அவருக்குப் பின் இரத்தினசாமித் தம்பிரான் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் பாக்கியலிங்கத் தம்பிரான். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்துச் செய்தார், கொட்டகை கோயிலாயிற்று. முதலில் கும்பிட்டவர் இன்றைய கோபுரத்தைப் பார்க்கவில்லை. அதனால் அவருடைய பங்கு குறைந்துவிட்டதா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் அப்படிக் கைமாறி வளர்ந்ததுதான். சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார் பதிப்பாசிரியராக இருந்து அடித்தளம் போட்டார். 1926-இல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை 1936-இல் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தார். பின்னிணைப்பு 1939-இல் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள்! ஒருவரே தொடங்கி அவரே முடிப்பதென்றால் ஓர் ஆயுள் போதாது.

இவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

உங்கள் ஆயுளைவிடப் பெரிய வேலை ஒன்றையாவது கையிலெடுங்கள். பிழைப்புக்கு ஒரு வேலை இருக்கட்டும். அதற்கு வெளியே இதுவும் இருக்கட்டும். அன்றன்றைக்கு உரியதை அன்றன்றே செய்யுங்கள். பெரிதாகச் செய்யக் காத்திருந்தவர்கள் காத்திருந்ததோடு சரி. தனியாகச் சுமக்காமல் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களைவிட நன்றாகச் செய்தால் மகிழுங்கள். இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது, உங்களுக்குப் பின் வருபவர் புரிந்துகொண்டு தொடரும்படி வேலையை ஒழுங்காக வையுங்கள். பிறரால் தொடர முடியாத உழைப்பு நம்மோடு முடிந்துபோகும்.

இதற்கெல்லாம் அரசும் நிறுவனமும் வேண்டுமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக உலகுக்குக் கொடுத்தார்கள். சம்பளம் வாங்காமல் உட்கார்ந்தவர்கள் அவர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களும் அந்த வரிசைதான். தூரனும் அவர் குழுவும் உழைத்த கலைக்களஞ்சியத்தையே இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் புண்ணியத்தில் கைப்பேசியில் புரட்டலாம்.

ஆகவே வாய்ப்பு இல்லை என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. உங்கள் பாட்டி சொல்லும் சொற்களைக் குறித்து வையுங்கள். உங்கள் தொழிலில் புழங்கும் வார்த்தைகளைத் தொகுத்து வையுங்கள். உங்கள் ஊர் ஏரியின் வரலாற்றை விசாரித்து எழுதுங்கள். இன்றிரவு ஒரு பக்கம், நாளை இன்னொரு பக்கம். சலிப்பு வரும்; அப்போதும் உட்கார்ந்திருங்கள். தமிழ் இதுவரை வாழ்ந்தது அப்படி உட்கார்ந்தவர்களால். இனியும் அப்படித்தான் வாழும்.