அடுக்களையில் ஓர் ஆலயம்

இறைவனோடு ஒட்டி வாழ்தல் துறவியர்க்கும் ஓய்வுடையோர்க்கும் மட்டுமே கைகூடும் என்பது பலருடைய எண்ணம். காலை எழுந்தது முதல் இரவு கண்மூடும் வரை பிள்ளைகள், பாத்திரங்கள், கடன், நோய் என்று அலைவோருக்கு அதற்கு நேரம் ஏது? இவ்வினா எம் சைவ மக்களிடையேயும் உண்டு. கிறிஸ்தவ அன்பர்களிடையேயும் உண்டு. அன்றாட அலுவல்களின் நடுவே கிறிஸ்துநாதரை அணுகி நிற்பது எங்ஙனம் என்பதை நாம் சிந்திக்கப் புகுந்தது, எம்மோடு இந்துக் கல்லூரியிலே கற்பிக்கும் கத்தோலிக்க நண்பர் ஒருவரின் மனத்துயரை முன்னிட்டேயாம்.

அவருடைய தாயார் பாரிசவாதத்தினாலே படுக்கையிற் கிடக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. விடியுமுன் எழுந்து, அவரைத் துடைத்து, சேலை மாற்றி, கஞ்சி பருக்கிய பின்னரே நண்பர் கல்லூரிக்கு வருவார். நாள்தோறும் பூசை கண்டு பழகியவர், ஞாயிறன்றும் கோயிலுக்குப் போக இயலாதவரானார். நோயாளியைத் தனியே விடமுடியாதவருக்கு ஞாயிற்றுக் கடன் பாவமாகாது என்று பங்குச் சுவாமியார் ஆறுதல் கூறியும் அவர் மனம் ஆறவில்லை.

"மாஸ்ரர், செபம் சொல்லத் தொடங்கினால் நித்திரை வருகிறது. நித்திரை வராவிட்டால் அம்மாவின் மருந்துக் கணக்கு வருகிறது. யேசு என்னை விட்டு வெகுதூரம் போய்விட்டார் போல இருக்கிறது" என்று ஒருநாள் இடைவேளையிலே அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

நாம் திருநீறு அணிபவர். பிறர் சமயத்தை அவர்க்கே போதிக்கும் உரிமை எமக்கில்லை. ஆயினும் அச்சமயத்துப் பெரியார் ஒருவரின் வரலாற்றை முன்னரே படித்திருந்தமையால், அதனை எடுத்துரைத்தோம்.

இன்றைய பிரான்சு நாட்டின் கிழக்கேயுள்ள லொறேன் பகுதியிலே 1614ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் நிக்கொலா ஏர்மன். இளமையிலே போர்வீரராகிக் காயமுற்றார். பின்னர் ஒரு செல்வர் வீட்டில் ஏவலாளராயிருந்தார். 1640இல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றிலே, குருப்பட்டம் பெறாத சகோதரராகச் சேர்ந்து, லோறன்ஸ் என்னும் பெயர் பூண்டார். மடத்தார் அவருக்கு அளித்தது சமையல் வேலை. இயல்பாகவே தமக்குப் பிடியாத அவ்வேலையை அவர் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் செய்தார். பின்னர்க் கால் நோயினால், இருந்தபடியே செய்யத்தக்க பாதரட்சை தைக்கும் தொழிலுக்கு மாற்றப்பட்டார். 1691இலே அவர் இறந்தபின், அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் சிறு நூல்களாக வெளிவந்தன. இன்று அவற்றைக் கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் ஒருங்கே போற்றிப் படிக்கின்றனர்.

அவர் கண்ட வழி மிக எளிது. சட்டியிலே முட்டைப் பொரியலைத் திருப்புவதாயினும் அதனை இறைவன்பால் வைத்த அன்பினாற் செய்தல், கை வேலையில் இருக்கும்போதே உள்ளத்தால் இடையிடையே அவரோடு பேசுதல், இவ்வளவே. இதனை அவர் ஒரே நாளிற் கற்றாரல்லர். முதற் பத்தாண்டுகள் தாம் இறைவனுக்கு உரியவர்தாமோ என்ற ஐயம் அவரை வாட்டியது. நினைவு சிதறிய போதெல்லாம் அதை எண்ணி எண்ணி வருந்தாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு மீண்டும் இறைவனிடமே திரும்பினார். விலகாமலிருப்பதன்று, விலகியதும் திரும்புவதே அணுக்கம் என்பதே அவர் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்க உண்மையாகும்.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். ஆனால், "அவர் மடத்திலே இருந்தவர். அங்கே வேளை தவறாமல் மணியும் உண்டு, பூசையும் உண்டு. அவை இல்லாதவன் என்ன செய்வது?" என்று கேட்டார். நியாயமான வினாவே. அதற்கு விடை பாரிஸில் இல்லை. எமது யாழ்ப்பாணத்திலேயே உண்டு.

1658இலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர்க் கத்தோலிக்கக் குருமார் அகற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுத்தலும் குற்றமாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இங்குள்ள கத்தோலிக்கருக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687இலே கோவையிலிருந்து, அதாவது இந்தியக் கரையிலே போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவிலிருந்து, யோசேவ் வாஸ் முனிவர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இங்கு வந்தார். கழுத்திலே செபமாலை அணிந்து, வீடு வீடாக இரந்து சென்றார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரே தாம் தேடிய மக்கள் என்று அறிந்துகொண்டார். பின்பு சில்லாலையிலே தங்கி, மறைவாக அவர்களுக்குத் தொண்டாற்றினார். 1711இற் கண்டியிலே காலமான அவருக்கு 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆந் திகதி கொழும்பிலே புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவர் சில்லாலைக்கு வந்த காலத்திலே, பாரிஸ் மடத்துக் கிழச் சகோதரரும் உயிரோடிருந்தார் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிக்கின்றது. ஒருவரையொருவர் அறியாத இரு கரைகளில் ஒரே பாடம்! முப்பது ஆண்டுகள் கோயிலின்றி இருந்தும் செபமாலையைக் கண்டதும் அடையாளங் கொண்டார்களெனின், அந்நினைவு அவ்வீடுகளின் உள்ளேயன்றோ காக்கப்பட்டிருத்தல் வேண்டும்?

எம்மவர்க்கும் இது புதிதன்று. பொருளின்மையால் மனத்தினுள்ளேயே கோயில் எழுப்பிய பூசலாரைப் பெரியபுராணம் நாயன்மாருள் ஒருவராக வைத்து வணங்குகின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். "செய்யும் தொழிலே தெய்வம், தனியே வழிபாடு எதற்கு?" என்று சோம்பலுக்குச் சாட்டுச் சொல்வாருமுளர். லோறன்ஸ் மடத்துச் செப வேளைகளைக் கைவிட்டவரல்லர். நாழிகை குறித்துச் செய்யும் சிறு செபமே மற்றைய நாழிகைகளுக்கு வித்து. காலையும் நண்பகலும் மாலையும் கோயில் மணி கேட்டுத் திரிகாலச் செபம் சொல்லும் வழக்கத்தின் பயனும் இதுவே. மணி ஓய்ந்த பின்னும் நெஞ்சில் அதன் ஒலி நிற்றல் வேண்டும்.

நோயாளரைப் பேணுதல் தம்மைப் பேணுதலேயாம் எனக் கிறிஸ்துநாதர் கருதியதை மத்தேயுவின் சுவிசேஷத்தால் நண்பர் எம்மினும் நன்கு அறிவார். ஆயினும் அறிந்தது அவர் கைக்கு வரச் சில மாதங்கள் சென்றன. அடுப்பு மூட்டும்போது ஒருமுறை, தாயாரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது ஒருமுறை, விளக்கணைக்கும்போது ஒருமுறை யேசுவின் திருநாமத்தைச் சொல்லிப் பழகினார். மறந்த நாள்களும் பலவாம். தாயாரின் நோய் மாறவில்லை. அவருடைய களைப்பும் தீரவில்லை. "தூரம் குறைந்ததோ தெரியாது, மாஸ்ரர். ஆனால் அவரைத் தேடி வேறிடம் போகவேண்டியதில்லை என்று தெரிகிறது" என்றார்.

வீட்டு வேலைகளாற் களைத்துப்போன அன்னையரும் தந்தையருமே இப்பக்கத்தைப் படிப்போருட் பெரும்பாலார் என்பதை நாம் அறிவோம். கிறிஸ்தவ நேயர்காள்! ஓய்வு கிடைக்கட்டும், பின்பு ஆண்டவரை நினைப்போம் என்று காத்திருத்தல் வேண்டா. ஓய்வு வருமோ வாராதோ, அடுப்பு நாளைக்கும் எரியும். அதன் முன்னே நின்று ஒருமுறை அவர் பெயரைச் சொல்லுங்கள். மறந்தீர்களாயின், அடுத்த வேளை மூட்டும்போது சொல்லுங்கள்.