நஷ்டத்தைத் தாங்க வேண்டியவர் யார்?

நாகப்பட்டினம்

அன்புள்ள தம்பிக்கு,



கம்பெனியின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பிரிவில் பொறுப்பேற்ற கையோடு, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுக்கும் முறையில் எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறாய். எங்களைப் போல் பணம் வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்வி வருவது அபூர்வம். அதனால் மனதில் உள்ளதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

எந்த வேலையிலும் எதிர்பாராதது நடக்கும். பணம் தாமதமாகும், விலைவாசி ஏறும், புயல் வரும், போட்ட திட்டமே தப்பாகப் போகும். அந்த நஷ்டத்தைத் தாங்கும் வலு பணம் வைத்திருப்பவருக்குத்தான் உண்டு. ஆனால் இன்றைய நடைமுறைகள் அதை வலு இல்லாதவர் தலையில் இறக்குகின்றன. எதை மாற்றுவதானாலும், 'இதில் நஷ்டம் யார் தலையில் விழுகிறது?' என்று முதலில் கேட்டுக்கொள்.

தவணையையே எடுத்துக்கொள். எங்கள் மாலைநேரப் பள்ளிக்கு ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. முதல் தவணை சரியாக வந்தது. இரண்டாவது, ஆடிட் முடியட்டும், கமிட்டி கூடட்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தது. பள்ளியை நிறுத்தச் சொல்லவும் இல்லை, நடத்தப் பணம் தரவும் இல்லை. எங்கள் டீச்சர்கள் நகையை அடகு வைத்து வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். கோடிக்கணக்கில் லாபம் காட்டும் ஒரு நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். எங்கள் வவுச்சரில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் விளக்கம் கேட்டு மெயில் வரும். அவர்கள் தாமதத்துக்கு விளக்கம் கேட்க எங்களுக்கு எந்த வழியும் இல்லை.

அடுத்தது நிர்வாகச் செலவு. '5 சதவீதத்துக்கு மேல் சட்டத்தில் இடமில்லை' என்று உன் அலுவலகத்தில் சொல்வார்கள். விதிகளை நீயே எடுத்துப் படி. அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் செலவுக்கு வைத்தது. களத்தில் நிற்கும் அமைப்பின் கணக்காளர் சம்பளத்துக்கும் ஆபீஸ் வாடகைக்கும் அதை அளவுகோலாக்குவது கம்பெனிகளின் வழக்கம், சட்டத்தின் கட்டளை அல்ல. கணக்கு பிசகக் கூடாது என்பார்கள், கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் போட்டால் வெட்டுவார்கள்.

மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும் என்ற பரபரப்பும் அப்படித்தான். தொடர்திட்டமாக எடுத்துக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் நடத்தலாம். மீதிப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்துச் செலவழிக்கவும் வழி இருக்கிறது. ஒரு பெண்கள் குழு சொந்தக்காலில் நிற்கவே இரண்டு மூன்று வருஷமாகும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் அது நடக்குமா, சொல்.

உங்கள் பணம் எங்களுக்கு முன்னைவிட முக்கியமாகிவிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். வெளிநாட்டு நிதியை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதற்குத் தடை வந்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பெரிய நிறுவனங்கள் வழியாகக் கிராமத்து அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது.

யாருக்கு என்ன தேவை என்று முடிவு செய்வது யார்? சுனாமியின்போது நீ பள்ளிக்கூடப் பையன், ஆனாலும் நினைவிருக்கும். உலகமே நம் கரைக்குப் பணம் அனுப்பியது. படகு கொடுத்தால் போட்டோ நன்றாக வரும் என்று ஆளாளுக்குப் படகு கொடுத்தார்கள். பல ஊர்களில் முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிவிட்டன. கூடையில் மீன் விற்ற பெண்களும், உப்பளத் தொழிலாளர்களும், வயல்கூலிக்குப் போன தலித் குடும்பங்களும் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். கொடுத்தவர்களின் மனது நல்லதுதான். உட்கார்ந்து கேட்கத்தான் அவர்களுக்குப் பொறுமை இல்லை.

வேறு மாதிரி கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மெக்கென்சி ஸ்காட் என்ற கொடையாளர் 2020-இல் நான்கே மாதங்களில் 384 அமைப்புகளுக்கு 400 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தார். அமைப்பை நன்றாக விசாரித்துவிட்டு, பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். பிறகு பொது அழைப்பு விட்டபோது 6,353 அமைப்புகள் விண்ணப்பித்தன. முதல் சுற்றில் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிட்டவர்கள் விண்ணப்பித்த மற்ற அமைப்புகள்தான். 2024-இல் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலர் போனது. அவ்வளவு பெரிய தொகையையே நம்பிக் கொடுக்க முடியும் என்றால், பத்து லட்சத்துக்கு நாற்பது பக்கம் கேட்பதை நீ குறைக்கலாம்.

உன்னால் ஆகக்கூடியவை சில சொல்கிறேன். விண்ணப்பத்தைத் தமிழில் வாங்கு. இங்கிலீஷில் ப்ரபோசல் எழுத ஆள் வைத்திருப்பவர்களுக்கே பணம் போய்ச் சேரும் வரை, கடற்கரையில் வேலை செய்யும் பெண்கள் உன் மேசைக்கு வரவே மாட்டார்கள். சின்னத் தொகைக்குச் சின்னப் படிவம் போதும். இல்லை என்று சொல்வதானால் சீக்கிரம் சொல், காரணத்தோடு சொல். திட்டம் தோற்றுப்போனதை ஒருவர் மறைக்காமல் எழுதினால், அதற்காக அடுத்த வருஷ நிதியை நிறுத்தாதே. நிறுத்தினால் பிறகு யாரும் உன்னிடம் உண்மை பேச மாட்டார்கள். பயனாளிகளை அறிந்த இரண்டு பேரையாவது தேர்வுக் கமிட்டியில் உட்கார வை. அமெரிக்காவில் சென்டர் ஃபார் எஃபெக்டிவ் ஃபிலான்த்ரபி என்ற அமைப்பு, நிதி வாங்குகிறவர்களிடம் பெயர் வெளியே தெரியாமல் கருத்துக் கேட்டு அதைக் கொடுப்பவர்களுக்குச் சொல்கிறது. நீயும் வெளியாள் ஒருவரை வைத்து அப்படிக் கேள். முகத்துக்கு நேரே நாங்கள் குறை சொல்ல மாட்டோம், சொல்லவும் முடியாது.

களத்துக்கு வரும்போது பேனர், சால்வை, பிள்ளைகளின் வரவேற்பு நடனம் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அந்த நேரத்தில் டீச்சர்களோடு உட்கார்ந்து பேசு.

இதெல்லாம் உன் ஒருவன் கையில் இல்லை என்று தெரியும். மேலே கேட்க வேண்டும், போர்டு ஒப்ப வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட தவணையை ஒத்துக்கொண்ட தேதியில் அனுப்புவதற்குப் புதுக் கொள்கை எதுவும் தேவையில்லை. இந்த மாதம் யாருக்கெல்லாம் பாக்கி நிற்கிறது என்று பார்த்து, முதலில் அதை அனுப்பி வை.

அன்புடன்,
அக்கா