இரைச்சலில் ஒரு செவி

"காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனி அவருக்கு என்ன குறை?" என்று நம்மவர் கூறும் வார்த்தை தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒன்றுபோலவே கேட்கின்றது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர் மறு நிமிடமே பத்திரிகை வாசிக்கின்றார். அங்ஙனமே காதிற் கருவி பொருத்தியவர் யாவுங் கேட்டுவிடுவார் என்பது இவர்தம் எண்ணம். அமைதியான அறையில், எதிரில் ஒருவர் மட்டும் பேசும் வேளையில், இவ்வெண்ணம் பெரும்பாலும் பலிக்கவே செய்கின்றது. பலர் கூடி, மேளமுங் கொட்டி, பாத்திரமும் உருளும் இடத்திலோ நிலைமை வேறு. இவ்வேறுபாடு அறியப்படாமையால் குடும்பங்களில் விளையும் மனத்தாங்கலை நாம் கண்கூடாகக் கண்டிருக்கின்றோம்.

நமக்குத் தாய்மாமன் ஒருவர் உளர். செம்பனை ஆலையில் ஏறக்குறைய 30 ஆண்டு உழைத்து ஓய்ந்தவர். மகன் பல ஆயிரம் ரிங்கிட் செலவிட்டு இரு காதுக்கும் கருவி வாங்கிக் கொடுத்தான். விற்றவர், "இனி எங்குச் சென்றாலும் எல்லாங் கேட்கும்" என்று உறுதி கூறி அனுப்பினார். வீட்டு வாசலில் அமர்ந்து மாமா பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்டு மகிழ்ந்தார். மைனா கத்துவதைக் கேட்டு வியந்தார். பின்னர் நம் சின்னம்மா மகளின் நிச்சயதார்த்தம் வந்தது. மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்க, தாய்மாமன் என்ற முறையில் அவரிடம் திருமண நாளைச் சொல்லிச் சம்மதங் கேட்டனர். ஒன்றும் விளங்காமல் அவர் தலையசைத்தார். அதே நாளில் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை குறிக்கப்பட்டிருந்தது! "கேட்டுத்தானே வைத்தோம், தலையாட்டினாரே!" என்றனர் உறவினர். "கிழவருக்குப் புத்தி மழுங்கிற்று" என்று ஒருவர் முணுமுணுத்தார். அது முதல் மாமா கருவியைச் சட்டைப்பையிலிட்டுக்கொண்டே வைபவங்களுக்குச் சென்றார். சில மாதங்களிற் செல்வதையே விட்டார்.

மழுங்கியது புத்தியன்று. செவியின் உட்புறத்தே நத்தை ஓடு போற் சுருண்ட உறுப்பொன்று உளது. அதனுள்ளே ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்கள் ஒலியை வாங்கி நரம்புக்கு உணர்த்துகின்றன. மூப்பாலும் ஆலை இரைச்சலாலும் அவை மடியுமாயின், மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த சுருதியை உணர்பவையே பெரும்பாலும் முதலிற் கெடும். உயிரெழுத்தின் ஓசை தாழ்ந்த சுருதியில் உரத்து நிற்கும். க, ச, த, ப முதலிய மெய்களின் குறிப்போ மெலிந்து, பெரும்பாலும் மேற்சுருதியில், கணநேரமே மின்னி மறையும். ஆதலின் "கடை, சடை, தடை, படை" என்னும் நான்கும் அத்தகைய செவியில் ஏறத்தாழ ஒரே சொல்லாக விழுகின்றன. "சத்தம் கேட்கிறது, பேச்சுப் புரியவில்லை" என்று முதியோர் கூறுவதன் உட்பொருள் இதுவே.

கருவி அம்மெல்லோசைகளை உரப்பாக்கும். உடன் வரும் இரைச்சலையும் உரப்பாக்கும். அன்றியும், பழுதுற்ற செவி ஒரு சுருதியை அடுத்ததினின்று பிரித்தறியும் நுட்பத்தை இழந்துவிடுகின்றது. கலங்கிய நீரை எத்துணைப் பெரிய குடத்தில் ஊற்றினுந் தெளியுமோ? நெதர்லாந்து அறிஞர் பிளோம்ப் 1978-ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுற விளக்கினார். ஒலி குறைவது ஒரு குறை. ஒலி சிதைவது மற்றொரு குறை. முன்னதற்கே கருவி மருந்து என்பது அவர் கூற்றின் சாரம். நற்செவியுடையோர், இரைச்சல் பேச்சைவிடச் சில டெசிபெல் மிகுந்திருப்பினும், வாக்கியங்களிற் பாதியைப் பிடித்துக்கொள்வர். சிதைந்த செவியினர் பலருக்கோ பேச்சு இரைச்சலை விஞ்சி நிற்றல் வேண்டும்.

கருவி செய்வோரும் வாளாவிருக்கவில்லை. இரண்டு மைக் வைத்து, முன்னிருந்து வரும் குரலைக் காத்துப் பின்னிருந்து வருவதைத் தணிக்கும் ஏற்பாடு பல கருவிகளில் உண்டு. ஆய்வறையில் அது நன்கு பயன்படுகின்றது. சுவரெங்கும் எதிரொலிக்கும் மண்டபத்தில் அப்பயன் சுருங்குகின்றது. இரைச்சல் தணிக்கும் வழக்கமான ஏற்பாடு களைப்பைக் குறைக்கும். சொல்லைத் தெளிவாக்குவது அரிது. 2013-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் கணினியைப் பயிற்றிப் பேச்சை இரைச்சலினின்று பிரித்தெடுக்கச் செய்து, செவிக்குறையுடையோர் சொற்களை முன்னினும் மிகுதியாக அறியக் கண்டனர். அவ்வழி வந்த நுட்பம் இப்போது சில கருவிகளில் இடம்பெற்றுள்ளது. விலையைக் கேட்டால் காது அடைக்கும் என்பது வேறு விஷயம்.

நிற்க. பேசுவோர் செய்யத்தக்கது மிகுதி. திறந்த வெளியிற் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரம் பாதியானால், குரல் 6 டெசிபெல் உயர்கின்றது. பேசுபவர் சட்டையிற் சிறு மைக் ஒன்றைப் பொருத்தி, குரலைக் கம்பியின்றிக் கருவிக்கே அனுப்பும் வசதியும் உண்டு. இரைச்சலில் இதற்கு நிகரான உதவி அரிது. உதட்டைப் பார்த்தலும் பெருந்துணை. "படை" என்பதற்கு உதடு மூடித் திறக்கும். "கடை" என்பதற்கு மூடாது. காது விட்டதைக் கண் பிடிக்கும். நம்மவரோ புறமுதுகு காட்டிப் பேசுவர். பதில் வராவிட்டால் "செவிடு" என்பர். மண்டபத் தூண் அதிராவிட்டால் திருமணமே நிறைவேறவில்லை என்று ஒலிபெருக்கிக்காரரும் நம்மவரும் ஒருங்கே நம்புகின்றனர் போலும்!

மற்றொரு திருமணத்திற்கு மாமாவை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். ஒலிபெருக்கிக்கு எட்டிய மூலையில், சுவரை ஒட்டி அமர்த்தினோம். பேச வந்தோர் ஒவ்வொருவராய் அருகில் வந்து, முகத்தில் வெளிச்சம் விழ நின்று பேசினர். முழுதும் விளங்கிற்று என்று நாம் சொல்லோம்; பலமுறை "என்ன?" என்று திரும்பக் கேட்டார். ஆனால் கேட்டார், தலையாட்டவில்லை.

இனி, செவி கெடுவதற்கு முன்னுள்ள நிலையையும் சொல்லுதல் வேண்டும். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழிலாளி ஒருவர் 8 மணி நேர வேலையில் ஏற்கும் இரைச்சல் சராசரி 85 டெசிபெலை மீறலாகாது. இதனினும் 3 டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கும். தாங்கத்தக்க நேரம் 4 மணியாகக் குறையும். நாம் சென்று பார்த்த ஆலையொன்றில் காதுறைகள் வரிசையாக ஆணியில் தொங்கின. ஏன் அணியவில்லை என்று இளைஞர்களை வினவினோம். வேர்க்கின்றது என்றான் ஒருவன். அணிந்தால் மண்டோர் கூப்பிடுவது கேட்காது என்றான் மற்றொருவன். அதையும் அவன் நம் காதருகே வந்து கத்தித்தான் சொன்னான்.